வைப்ரபோன் மாப்பிள்ளை

மட்டக்களப்பு
12.2.1956

அன்புத் தம்பி இராசையாவுக்கு,

கடவுள் துணையால் இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் உன் தனிச் சமையலும் எப்படி? மாரியில் பிடித்த இருமல் விட்டதா?

மலருக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. உன்னுடைய ஊர்தான். பெயர் சோமசேகரம். துறைமுக டொக்யார்டில் மின்சாரப் பகுதியில் வேலை. தகப்பன் இல்லை, தாய் கட்டைபறிச்சானில் இருக்கிறா. சாதகம் பொருந்துகிறது. படத்தில் ஆள் பரவாயில்லை, காதுதான் கொஞ்சம் பெரிது. ஒரே ஒரு விஷயம் இடறுகிறது. சனிக்கிழமைகளில் துறைமுகத்தடி ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரருக்கு முன்னால் ஏதோ வாத்தியம் வாசிக்கிறாராம். அதைக் கேட்டதும் அத்தான், "ஹோட்டல்ல கூத்தடிக்கிறவனுக்கோ என்ர பிள்ளை?" என்று தொடங்கிவிட்டார். அவர் அடங்கிய பிறகு, தம்பி விசாரிக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மலருக்கு இருபத்தாறு முடிகிறது. முன்பு வந்த சம்பந்தங்கள் எப்படிக் குழம்பின என்று உனக்குத் தெரியும். இதுவும் போனால் அவள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போவதும் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதுமாகவே இருந்துவிடுவாள்.

சம்பளம், குடி, சொந்தக்காரர் எல்லாம் விசாரி. ஆனால் எனக்குத் தெரியவேண்டியது முக்கியமாக ஒன்று. கோபம் வந்தால் அவர் என்ன செய்வார்? அதை அறிந்து எழுது.

மலர் மாமாவைச் சுகம் கேட்கிறாள்.

உன் அக்கா,
பாக்கியம்


திருகோணமலை
4.3.1956

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. போகும்போது என் நாக்கு ருசியையும் கொண்டுபோய்விட்டது. நீங்கள், அத்தான், மலர் எல்லோரும் சுகம்தானே?

மாப்பிள்ளையைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து குழம்பிப்போய் இருக்கிறேன். என்னோடு ஸ்டோரில் வேலை செய்யும் கிண்ணியாத் தாஹிரும் மாப்பிள்ளை வாசிக்கும் கோஷ்டியில் ஒருவர். ஆளைவிட உயரமான ஃபிடில் ஒன்றைப் பிடித்து நின்றுகொண்டு விரலால் இழுத்து வாசிக்கிறவர். அவர்தான் என்னை ஹோட்டல் விறாந்தைக்குக் கூட்டிப்போனார். பின்னேரத் தேநீருக்கு நேவி ஆட்கள் குடும்பத்தோடு வந்து இருக்கிறார்கள். வாசிப்பது ஜாஸ் என்ற சங்கீதம். கோஷ்டியில் நாலே பேர். ஹெர்பட் என்ற பறங்கிக் கனவான் பியானோ. தாஹிரின் பெரிய ஃபிடில். ஒரு பொடியன் டிரம். மற்றது நம்முடைய ஆள்.

அவருடைய வாத்தியத்துக்கு வைப்ரபோன் என்று பெயர். மேசை மாதிரி இருக்கிறது. மேலே உலோகத் தகடுகள் பியானோக் கட்டை போல வரிசையாய்க் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய். குழாய் வாயில் வட்டத் தகடுகள் சின்ன மோட்டரில் சுழல்கின்றன, அதனால் சத்தம் நடுங்கி நடுங்கி வருகிறது. நூல் சுற்றிய தடியால் அடிக்கிறார். காலடியில் ஒரு மிதி. அதை மிதித்தால் சத்தம் நிற்காமல் போகும், காலை எடுத்தால் அடங்கிவிடும். ஸ்டோருக்கு இப்படி ஒரு சாமான் வந்தால் எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்குத் தெரியாது.

இனித்தான் விஷயம். மனிசன் பாதி நேரம் சும்மா நிற்கிறார், அக்கா! ஹெர்பட் வேர்த்து ஒழுக வாசிக்கிறார். தாஹிருக்கு விரலில் தோல் இல்லை. இவர் தடிகளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். திடீரென்று ஒரு தட்டு, பிறகும் நிற்பு. இடையில் கொஞ்ச நேரம் தனியே வாசித்தார், அது நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் பழையபடி நிற்கிறார். காசில் பங்கு மட்டும் நாலு பேருக்கும் சமம். இரக்கப்பட்டு வைத்திருக்கிறார்களோ என்று நினைக்கிறேன்.

குடி இல்லை. சம்பளம் ஒழுங்கு. கோபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் தேத்தண்ணி குடிக்கப் போனவன், சண்டை பிடிக்கப் போகவில்லை.

மறக்காமல் அத்தானின் சுகத்தை எழுதுங்கள்.

தம்பி,
இராசையா


மட்டக்களப்பு
25.3.1956

அன்புத் தம்பிக்கு,

எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல மலர் எழுதுகிறாள். குசினிப் படியில் வழுக்கி வலது கை மணிக்கட்டில் ஊன்றிவிட்டேன். வீக்கம் வற்றுகிறது. உன் ருசி திரும்பியதா?

குழாய், தகடு, மோட்டர் என்று நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நல்ல நாளில் எல்லா மனிதரும் நல்லவர்தான். சோறு பிந்தினால் என்ன செய்வார்? ஒருவர் குறுக்கே கதைத்தால் என்ன செய்வார்? அதைப் பார்.

இனிமேல் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே. மலர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு, அவள் பெயருக்கு அனுப்பு.

அத்தான் சுகம்.

அக்கா

மாமா, இது நான் எழுதுவது. நடுங்கி நடுங்கி வரும் சத்தம் என்றால் எப்படி இருக்கும்? - மலர்


திருகோணமலை
22.4.1956

அன்புள்ள அக்காவுக்கும் மருமகளுக்கும்,

சித்திரை வருஷம் உங்கள் வீட்டில் நல்லபடி பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். கைக்குப் பூச எண்ணெய் ஒரு போத்தல், டொக்யார்டிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். குசினிப் படியைக் கொத்தி விடச்சொல்லி அத்தானிடம் சொல்லுங்கள். பள்ளிக்கூட விலாசம் எதற்கு என்று விளங்கவில்லை. எந்த விலாசம் என்றாலும் முத்திரைக் காசு ஒன்றுதானே.

மாப்பிள்ளை ஏன் சும்மா நிற்கிறார் என்று மூன்று பேரைக் கேட்டு மூன்று விதமாய்க் குழம்பினேன். தாஹிர் சொன்னார்: "கறியில உப்பு எங்க கிடக்கு எண்டு விரலால தொட்டுக் காட்ட ஏலுமா, இராசையா? அவர் இல்லாட்டித்தான் தெரியும்." ஹெர்பட் தன் பாதித் தமிழில், "பியானோ இருக்கிற இடத்தில அது என்னத்துக்கு? சும்மா அலங்காரம்" என்றார். கடைசியில் ஆளையே கேட்டேன்.

"நானும் பியானோவும் ஒரே வேலைக்கு வந்த ரெண்டு பேர், அண்ணை. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில சுரங்களைச் சேத்துச் சேத்துப் போட்டா சந்தைச் சத்தம்தான் வரும். அவர் கீழ வாசிச்சா நான் மேல போவன். அவர் நிறையப் போட்டா நான் ஒண்டும் போடமாட்டன்."

"அப்ப உங்கட வேலைதான் என்ன?"

"கேக்கிறதும் வேலைதான், அண்ணை."

இதை எந்தக் கந்தோரில் வேலை என்று ஏற்றுக்கொள்வார்கள்?

மலர் கேட்டதற்குப் பதில் எழுத முயன்றேன். முதல் தாளைக் கிழித்துவிட்டேன். வெள்ளை மணலுக்கு மேலே முழங்காலளவு தண்ணீரில் வெயில் விழுந்தால் அடியில் வெளிச்சம் அசையுமே, அதைக் காதால் கேட்டால் அந்தச் சத்தம்தான். நான் இப்படியெல்லாம் எழுதுகிறவன் இல்லை. அத்தானிடம் காட்டவேண்டாம்.

தம்பி,
இராசையா


மட்டக்களப்பு
13.5.1956

அன்புத் தம்பிக்கு,

எண்ணெய் கிடைத்தது. கை எழுதும் அளவுக்கு வந்துவிட்டது, கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். உனக்கு வெயில் சூடு பிடிக்காமல் இளநீர் குடி.

மலர் உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். தண்ணீரும் வெளிச்சமும் என்று எழுதியதை மட்டும் எனக்குச் சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம்!

ஆனால் தம்பி, நான் மூன்றாவது தரம் கேட்கிறேன். அவருக்குக் கோபம் வருமா? வந்தால் கை என்ன செய்யும்? இதற்குப் பதில் தெரியாமல் நான் ஓம் என்று சொல்லமாட்டேன், அவர் ராசா வீட்டுப் பிள்ளை என்றாலும்.

அத்தான் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார்.

அக்கா


திருகோணமலை
17.6.1956

அன்புள்ள அக்காவுக்கு,

இளநீர் குடித்துக் குடித்து வயிறு கோயில் குளம் போல் இருக்கிறது. கை இப்போது எப்படி?

குழப்பம் கூடிவிட்டது. முந்தின சனிக்கிழமை ஹெர்பட்டுக்குக் காய்ச்சல். பியானோ பூட்டிக் கிடந்தது. இன்றைக்கு விளையாட்டு முடிந்தது என்று நினைத்தேன். மாப்பிள்ளை ஒரு கைக்கு இரண்டு தடியாக நாலு தடியைப் பிடித்தார். பியானோ செய்கிற வேலை முழுவதையும் செய்தார், மேலே தன் பாட்டையும் வாசித்தார். தாஹிர் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். வெள்ளைக்காரர்கள் தேத்தண்ணியை ஆறவிட்டு இருந்தார்கள். நான் கை தட்டினேன், கதிரையைவிட்டு எழும்பிக்கூட நின்றேன்.

நேற்று ஹெர்பட் திரும்ப வந்துவிட்டார். இவரும் திரும்ப ஒரு தட்டு, ஒரு நிற்பு! இவ்வளவு தெரிந்த மனிசன் ஏன் தெரியாதவன் மாதிரி ஒதுங்கவேண்டும்? இரண்டில் எந்த ஆளுக்கு நாங்கள் பெண் கொடுக்கப் போகிறோம்?

நான் விசாரணைக்காகத்தான் ஒவ்வொரு சனியும் போகிறேன் என்பதைத் தாஹிர் நம்புகிறார் இல்லை. அத்தான் அவசரப்படுகிறாரா? நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே.

தம்பி,
இராசையா


திருகோணமலை
15.7.1956

மதிப்புக்குரிய அத்தான் பூபாலபிள்ளை அவர்களுக்கு,

தாங்கள் தேக சுகத்தோடு இருக்கக் கோணேசப் பெருமான் அருள்வாராக. இதுவரை அக்காவுக்கே எழுதிவந்தேன். முடிவு என்று ஒன்று சொல்லும்போது வீட்டுத் தலைவருக்குச் சொல்வதுதான் முறை என்பதால் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

சோமசேகரத்திடம் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. ஆனால் நேற்று நடந்ததைப் பார்த்தபின் எனக்கு மனம் விட்டுவிட்டது. ஹோட்டலில் சனம் நிறைந்திருந்தது. அவர் தனியே வாசிக்கும் முறை வந்தது. அந்த நேரம் பியானோக்காரர் அடங்கி வாசிக்கவேண்டும், அதுதான் அவர்களுக்குள் ஒழுங்கு. பழைய பொறாமையோ என்னவோ, ஹெர்பட் இடித்து இடித்து இவருடைய வாசிப்புக்கு மேலே வாசிக்கத் தொடங்கினார். ஒருவருடைய முறையை எல்லோருக்கும் முன்னால் பறிக்கிறது என்றால் அதைவிட அவமானம் என்ன?

சோமசேகரத்தின் முகம் சிவந்தது, நான் கண்டேன். இரண்டு கையும் மேலே போயின. இப்போது ஒரே போடு போடப்போகிறார் என்று காத்திருந்தேன். போடவில்லை. கையைக் கீழே விட்டார், மிதியிலிருந்து காலை எடுத்தார், சத்தம் அடங்கியது. பியானோ முடியும்வரை நின்றார். யாரோ சிரித்தார்கள். எனக்கு மேசைக்குக் கீழே புகவேண்டும் போல் இருந்தது.

ரோசமில்லாத மனிசன். நம்முடைய குடும்பத்துக்குச் சரிவராது என்பது என் தாழ்மையான எண்ணம். தாங்கள் பார்த்துச் செய்யவும். அக்காவுக்கும் மலருக்கும் என் அன்பு.

பணிவுள்ள மைத்துனன்,
இராசையா


திருகோணமலை
26.8.1956

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவரிடமிருந்தும் இல்லை, உங்களிடமிருந்தும் இல்லை. சுகமில்லையா? மலரின் பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறேன், இதாவது கையில் கிடைக்கட்டும்.

அத்தான் கட்டைபறிச்சானுக்கு, மாப்பிள்ளையின் தாய்க்கு, ஒரு கடிதம் போட்டாராம். வேண்டாம் என்று எழுதினால் போதாதா, பழிக்கவும் வேண்டுமா? அந்தத் தாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று தாஹிர் சொன்னார். மாப்பிள்ளையை ஸ்டோர் வாசலில் கண்டேன். நான் பின்பக்கத்தால் போகப் பார்த்தேன். அவர் கூப்பிட்டு, "அண்ணை, உங்கட அக்கா ஆக்கள் சுகமா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை. திட்டியிருந்தால் விளங்கியிருக்கும்.

சனிக்கிழமைகளில் இப்போது எனக்குப் போக இடமில்லை. சொல்லச் சரியான வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்தச் சத்தத்தை மனம் தேடுகிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள், அக்கா.

தம்பி,
இராசையா


மட்டக்களப்பு
9.9.1956

என் தம்பிக்கு,

நீ கடிதங்களில் அத்தானின் சுகம் கேட்டாய். நான் ஒவ்வொரு தரமும் அவர் சுகம் என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் சுகமாகத்தான் இருக்கிறார். நாங்கள்தான் இல்லை.

நான் குசினிப் படியில் வழுக்கவில்லை. சம்பந்தத்தைப் பற்றி இரண்டாவது தரம் கதைத்தேன், அதுதான் நடந்தது. அதற்கு முன்பும் நடந்தது. கலியாணம் முடித்த வருஷமே தொடங்கியது. அம்மா இருந்தபோது அம்மாவுக்குச் சொல்லவில்லை. உனக்கு எப்படிச் சொல்வது? நீ அவரை அத்தான் அத்தான் என்று உயர்த்தி வைத்திருந்தாய். வீட்டுக்கு வரும் கடிதத்தை எல்லாம் அவர்தான் உடைக்கிறார், அதனால்தான் பள்ளிக்கூட விலாசம் கேட்டேன்.

உன் கடிதத்தை அவர் சாப்பாட்டு மேசையில் உரக்க வாசித்தார். கை இரண்டும் மேலே போயின, கீழே விட்டார் என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா, உன்ர தம்பியே சொல்லுறான், பேடியாம்!" என்றார். நான் சோறு போட்டுக்கொண்டு நின்றேன். அகப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். தம்பி, நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதியிருந்தாய். எழுதியது உனக்கே தெரியவில்லை. முகம் சிவந்த ஒரு மனிசன், உயர்ந்த கையைத் தானே இறக்குகிறான். இருபத்தேழு வருஷத்தில் இந்த வீட்டில் நான் அதை ஒரு நாளும் காணவில்லை.

மலர் பின்னால் வந்து நின்றாள். "அம்மா, அவரிட்டக் கேக்கச் சொல்லுங்கோ, இன்னும் விருப்பமோ எண்டு" என்றாள்.

உனக்கு என்மேல் அன்பிருந்தால் நீ போய்க் கேள். அவர் ஓம் என்றால் நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டு வருகிறோம். இல்லை என்றாலும் வருகிறோம். அதை மட்டும் நான் முடிவு செய்துவிட்டேன்.

பாக்கியம்


திருகோணமலை
16.9.1956

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு லீவு போட்டேன். அழுதேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

பின்னேரம் சோமசேகரத்தைத் தேடிப்போனேன். அவர் வைப்ரபோனின் மோட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "தம்பி, அண்டைக்கு ஹெர்பட் உங்கட முறையைப் பறிக்கேக்க கோபம் வரேல்லையா?"

"வராம? கை எழும்பினதை நீங்களும் பாத்தனீங்கள்தானே."

"அப்ப ஏன் விட்டனீங்கள்?"

"நானும் அடிச்சிருந்தா ரெண்டு பேற்ற சண்டைதான் கேட்டிருக்கும், அண்ணை, பாட்டுக் கேட்டிராது. அவர் நிப்பாட்டேல்லை, அதால நான் நிப்பாட்டினனான். அடுத்த நாள் காலமை அவற்ற வீட்ட போய், நீங்கள் செய்தது பிழை எண்டு முகத்துக்கு நேரே சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"முதல்ல கத்தினவர். பிறகு தேத்தண்ணி தந்தவர். இப்ப என்ர முறைக்குப் பியானோவை மூடி வச்சிட்டு இருக்கிறார்."

இதுதான் நீங்கள் கேட்ட பதில். பிந்திப் பிந்தி அனுப்புகிறேன். மலரின் கேள்வியையும் கேட்டேன். அவர் எண்ணெய்ப் போத்தலை மூட மறந்து நின்றார். "தகப்பன் விருப்பமில்லாம அவவுக்குக் கரைச்சல் வராதோ?" என்று மட்டும் கேட்டார். வந்தால் நான் இருக்கிறேன் என்றேன். ஓம் என்றுவிட்டார். தாயிடம் நான்தான் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும், நாளைக்குப் போகிறேன்.

வாருங்கள். கல்லோயாச் சந்தியில் இறங்கி ரயில் மாறவேண்டும். தனியே மாறவேண்டாம், நான் அங்கே வந்து நிற்பேன். பெட்டியில் உடுப்பு மட்டும் வையுங்கள். சட்டி பானை எல்லாம் இங்கே இருக்கிறது, கழுவவேண்டியதுதான்.

தம்பி,
இராசையா


திருகோணமலை
2.12.1956

திரு. பூபாலபிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்குச் சுகம் என்பதை அதன் எழுத்திலேயே கண்டுகொண்டேன். இங்கே மழை. நாங்கள் மூவரும் நலம்.

மலருக்கும் சோமசேகரத்துக்கும் வரும் தை மாதம் இந்த வீட்டில் கலியாணம். தகப்பன் என்ற முறையில் தங்களுக்கு அறிவிக்கவேண்டியது என் கடமை. வந்தால் மரியாதையாக வரவேற்போம். அன்றைக்கு இந்த வீட்டில் ஒருவரும் சத்தம் போடமாட்டார்கள், தாங்களும் போடக்கூடாது. என்னைப் பற்றித் தாங்கள் எழுதியவற்றை ஒரு தரம் வாசித்தேன், அது போதும்.

அக்கா எப்போது திரும்பி வருவார் என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். தானே பதில் எழுதவா என்று கேட்டார். வேண்டாம், இதை நான் எழுதுகிறேன் என்றேன்.

அக்கா திரும்பி வரமாட்டார்.

இங்ஙனம்,
பாக்கியத்தின் தம்பி
இராசையா